தேயாத காசு

சாரின் நாணயச் சேகரிப்புக்குப் பட்டியல் போடும் வேலை போன ஆடியில் என் தலையில் விழுந்தது. சார் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடமாகப் போப்புகள் வெளியிட்ட வெள்ளி நாணயங்களை மட்டும் சேர்த்தார். தங்கம் கட்டுப்படியாகாது, செம்பு பிடிக்காது. இப்போது கண்பார்வை மங்கிவிட்டது, லென்ஸை வைத்தாலும் எழுத்து பிடிபடவில்லை. பிள்ளைகளுக்கு இதில் நாட்டமில்லை. விற்றுவிடலாம் என்று முடிவுசெய்து, ஏலக்காரர்கள் அனுப்பிய படிவத்தை என்னிடம் நீட்டினார். "நீதான் லத்தீன் எழுத்தைக் கூட்டிப் படிப்பியே. நீயே எழுதிக் குடு தம்பி."

படிவத்தில் ஆறு கட்டங்கள். வெளியிட்டவர், மதிப்பு, ஆண்டு, எடை, நூற்பட்டியல் எண், தரம். அவ்வளவுதான். காசில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்குக் கட்டம் கிடையாது. மற்ற நாட்டுக் காசாக இருந்தால் இது ஒரு குறையே இல்லை. ராஜாவின் பெயர், பட்டம், ஆண்டு, இதைத் தவிர அதில் என்ன இருக்கப்போகிறது? போப்புகளின் வெள்ளி அப்படிப்பட்டதல்ல. சாரே முன்பு ஒருமுறை சொன்னார்: "மத்த ராஜாவெல்லாம் காசுல மூஞ்சியப் போடுவான். இவங்க காசுதான் நம்மகிட்ட பேசும்." அந்தப் பேச்சுக்கு இடமில்லாத படிவத்தைத்தான் நான் நிரப்பிக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டுரை அந்த ஏழாவது கட்டத்தைப் பற்றியது.

பின்னணி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1870 வரை போப் என்பவர் மதத்தலைவர் மட்டுமில்லை, நடு இத்தாலியின் அரசரும்கூட. வரி போட்டார், படை வைத்திருந்தார், காசு அடித்தார். எட்டாம் நூற்றாண்டில் முதலாம் ஹேட்ரியன் அடித்த வெள்ளி தெனாரியிலிருந்து இந்த வரிசை தொடங்குகிறது. இரண்டாம் ஜூலியஸ் 1504இல் நாணயத்தைச் சீர்திருத்தினார். அவர் பெயரால் ஒரு வெள்ளிக்காசு 'ஜூலியோ' ஆனது. பிறகு மூன்றாம் பவுல் பெயரில் அதே காசு 'பாவோலோ' ஆயிற்று. மூன்று ஜூலியோ ஒரு தெஸ்தோனே. அரை ஜூலியோ ஒரு குரோஸ்ஸோ, அதிலும் பாதி மெஸ்ஸோ குரோஸ்ஸோ. எல்லாவற்றுக்கும் மேலே பியாஸ்த்ரா. முப்பது கிராமுக்கு மேல் எடை, உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும்.

சாரின் பெட்டியில் எனக்குப் பிடித்த மனிதர் பதினோராம் இன்னொசென்ட். 1676 முதல் 1689 வரை போப்பாக இருந்தவர். இயற்பெயர் பெனெதெத்தோ ஒதெஸ்கால்க்கி, கோமோ நகரத்துக்காரர். இவர் குடும்பம் வட்டிக்குப் பணம் கொடுத்த வங்கிக் குடும்பம். இளமையில் ஜெனோவாவில் இருந்த குடும்ப வங்கியில் இவரும் வேலை பழகியிருக்கிறார். பணம் எப்படிப் பெருகும், யாரை என்ன செய்யும் என்பதைக் கணக்குப் புத்தகத்திலிருந்தே கற்றவர். போப் ஆனதும் அரண்மனைச் செலவை வெட்டினார். முந்தைய போப்புகளின் வழக்கப்படி அண்ணன் மகன், தம்பி மகன் என்று யாரையும் கர்தினால் ஆக்கவில்லை. 1956இல் இவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார்கள்.

இவருடைய தெஸ்தோனேயின் பின்புறத்தில் புனிதர் உருவமோ கட்டடமோ கிடையாது. அலங்காரச் சட்டத்துக்குள் பெரிய எழுத்தில் வாசகம் மட்டும்: வாங்குவதைவிடக் கொடுப்பது நல்லது என்று பொருள். வேதாகமத்திலிருந்து எடுத்ததுதான். ஆனால் வேதாகமத்தில் படிப்பது வேறு, காசில் படிப்பது வேறு. காசு என்பதே கொடுக்கவும் வாங்கவும் உண்டான பொருள். கடைக்காரர் கையை நீட்டி இதை வாங்கும்போது, வாங்குகிற செயலைப் பற்றி அது அவரிடமே ஒரு கருத்தைச் சொல்லிவிடுகிறது. அவரும் பதிலுக்கு மிச்சக் காசு கொடுத்துத்தானே ஆகவேண்டும்!

இவருடைய பியாஸ்த்ரா ஒன்று இதைவிடக் கடுமையானது. பழிவாங்கும் நாளில் அவை பயன்படமாட்டா என்பது அதிலுள்ள வாசகத்தின் பொருள். மூல வசனத்தில் 'செல்வங்கள்' என்ற எழுவாய் உண்டு. காசில் அந்தச் சொல்லை விட்டுவிட்டார்கள். இடப் பற்றாக்குறை என்று சொல்லலாம்தான். ஆனால் அவ்வளவு பெரிய வட்டத்தில் இன்னொரு சொல்லுக்கு இடமில்லாமல் போகுமா? எனக்குத் தோன்றுவது இதுதான்: எழுவாயைத் தனியாக எழுதத் தேவையில்லை, கையில் இருக்கும் முப்பது கிராம் வெள்ளியே எழுவாய். வாக்கியத்தின் பாதியை உலோகம் சொல்கிறது, பாதியை எழுத்து சொல்கிறது. வாசகத்தை மட்டும் காகிதத்தில் எடுத்து எழுதினால் அது அரைகுறை. காசின் மேல் இருக்கும்போதுதான் அது முழு வாக்கியம். அச்சுக்கலையில் இவ்வளவு சிக்கனமான காரியத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பெரிய காசு இப்படி மிரட்டுகிறது என்றால், சின்னக் காசு ஒன்று இரண்டே சொல்லில் சிரிக்கிறது. ஒரு கிராம்கூடத் தேறாத மெஸ்ஸோ குரோஸ்ஸோ. விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும். அதில் இருப்பது 'நோச்செத் மீனுஸ்'. குறைவாகக் கெடுக்கும், அவ்வளவுதான். நான் சின்னக் காசு, அதனால் என்னால் விளையும் தீங்கும் சின்னது என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. இன்னொசென்ட்டின் வெள்ளியைப் பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாக வைத்துப் பார்த்தால், மதிப்பு குறையக் குறையக் குரலும் இறங்கி வருவது தெரியும். ஒவ்வொரு மதிப்புக்கும் ஏற்ற தொனியை யாரோ யோசித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இவர் காலத்து அச்சுவேலையில் முக்கியமான பெயர் ஜொவான்னி ஹமெரானி. தலைமுறை தலைமுறையாகப் போப்புகளுக்குப் பதக்கமும் காசும் செதுக்கிய குடும்பம். எழுத்தின் வெட்டு சுத்தமாக இருக்கும். வாசகத்தைத் தேர்ந்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்தது.

இதைக் கேட்டதும் சிலர் உதட்டைச் சுழிப்பார்கள். பணத்தைத் திட்டிப் பணத்திலேயே எழுதுவது பாசாங்கு இல்லையா? வரியும் வாங்கிக்கொண்டு, கடன் பத்திரமும் விற்றுக்கொண்டு, காசில் மட்டும் துறவு பேசுவதா? நியாயமான கேள்வி. இன்னொரு சங்கடமும் உண்டு. ரோமில் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த பிச்சைக்காரருக்கு லத்தீன் தெரியாது. அவர் கைக்கு வந்த காசு யாரிடம் பேசியது? யோசித்தால், அது அவரிடம் பேசவே இல்லை. லத்தீன் படிக்கத் தெரிந்தவர் குருமார், பிரபுக்கள், வழக்கறிஞர், வங்கிக்காரர். காசு அவர்களுடைய பைக்குள் இருக்கும்போதுதான் பேசுகிறது. பிச்சைக்காரர் கைக்குப் போனதும் வாயை மூடிக்கொள்கிறது. அங்கே அதற்குச் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை. வங்கிக் குடும்பத்திலிருந்து வந்த ஒருவர் தன் பழைய கூட்டாளிகளுக்கு அனுப்பிய குறிப்பு என்று இதை எடுத்துக்கொண்டால் பாசாங்கு என்ற குற்றச்சாட்டு பாதி உதிர்ந்துவிடும். மீதிப் பாதி இருக்கட்டும். இல்லையென்றால் இது பக்திக் கட்டுரை ஆகிவிடும்.

பதினோராம் கிளமென்ட் (1700–1721) காலத்தில் இந்த வாசக வழக்கம் இன்னும் பெருகியது. மனத்தை அதன்மேல் வைக்காதே என்று ஒரு ஜூலியோ. இங்கேயும் 'அது' எது என்று சொல்லவில்லை. ஆனால் நூற்றுக்கணக்கில் வரும்போது எதுவும் சலித்துத்தானே போகும். பொன்மொழி நாட்காட்டியைக் கிழிப்பதுபோல ஆகிவிடுகிறது. இதே கிளமென்ட்தான் 1713இல் பாந்தியன் கோயில் முன்னுள்ள சதுக்கத்தையும் நீரூற்றையும், அவர் அங்கே நிறுத்திய எகிப்தியத் தூணையும் பியாஸ்த்ராவில் பொறித்தார். சேகரிப்பாளர்களுக்கு அந்தக் காசு என்றால் உயிர். ஊர்க்காட்சி உள்ள வெள்ளிக்கு எப்போதும் விலை கூடுதல். சும்மா சொல்லக்கூடாது, வேலைப்பாடு அபாரம். எனக்கு அது படத்தபால் அட்டை. நான் கட்டியதைப் பார் என்கிறது. அதற்கு முன்பு ஏழாம் அலெக்சாண்டரின் பியாஸ்த்ராவில் வில்லனோவா ஊர்ப் புனித தோமையார் ஏழைக்குப் பிச்சையிடும் காட்சி இருக்கிறது. அதில் காசே காசைக் கொடுக்கும் காட்சியைக் காட்டுகிறது, பொருத்தமாக இருக்கிறது. என்றாலும் இன்னொசென்ட்டின் வெறும் எழுத்துக்குப் பக்கத்தில் நிற்காது.

படமும் வாசகமும் சேர்ந்து ஜெயித்த ஒரு காசு உண்டு. அது ஒன்றரை நூற்றாண்டு முந்தையது. 1527 மே மாதம் பேரரசன் ஐந்தாம் சார்லஸின் படை ரோமைச் சூறையாடியது. போப் ஏழாம் கிளமென்ட் சாந்தாஞ்செலோ கோட்டைக்குள் ஓடி ஒளிந்தார். நாலு லட்சம் துக்காத்து மீட்புத்தொகை கேட்டார்கள். கோட்டைக்குள்ளேயே வெள்ளிப் பாத்திரங்களை உருக்கிக் காசு அடித்தார்கள். அந்த முற்றுகைக் காசுகள் அவசரத்தின் அடையாளம் தாங்கியவை. அதே கோட்டையில் போப்பின் நகைகளிலிருந்து கல்லைப் பெயர்த்துவிட்டுத் தங்கத்தை உருக்கிக் கொடுத்தவர் பென்வெனூத்தோ செல்லினி. தன்வரலாற்றில் அவரே சொல்கிறார். மனிதர் பெருமை பேசுவதில் மன்னர் என்பதால் கொஞ்சம் கழித்துக்கொண்டு படிக்க வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து அவரே போப்பின் நாணயச்சாலைக்கு அச்சு செதுக்குபவர் ஆனார். அப்போது அவர் செய்த இரட்டைக் கார்லினோ வெள்ளிக்காசில், தண்ணீரில் மூழ்கும் பேதுருவை இயேசு கையைப் பிடித்துத் தூக்குகிறார். ஏன் சந்தேகப்பட்டாய் என்று வாசகம் கேட்கிறது.

யார் யாரைக் கேட்கிறார்? வேதாகமக் கதைப்படி இயேசு பேதுருவை. பேதுருவின் பீடத்தில் இருப்பவர் போப். அப்படியென்றால் ஊரே எரிந்தபோது கோட்டைக்குள் ஒளிந்த கிளமென்டைப் பார்த்துத்தான் கேள்வி. தன்னைக் குறைசொல்லும் கேள்வியைத் தன் பெயர் போட்ட காசிலேயே அடிக்க விட்டாரா, அல்லது 'என்னைச் சந்தேகப்பட்டீர்களே ரோமர்களே' என்ற அர்த்தத்தில் அடித்தாரா? இரண்டுவிதமாகவும் படிக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று அழிக்காமல் நிற்பதால்தான் அந்தக் காசு பெரியது. சாரிடம் இது கிடையாது. அவர் வாழ்நாள் ஏக்கம் அது.

நூற்பட்டியல்களுக்கு வருகிறேன். 1848இல் சினாலி அட்டவணைகளாகத் தொகுத்தார். பிறகு கமில்லோ செராஃபினி, வத்திக்கான் நாணயக்கூடத்தில் உள்ளவற்றை 1910 தொடங்கி நான்கு பெரிய தொகுதிகளாக. (அந்த செராஃபினியே 1929இல் வத்திக்கான் நகர அரசின் முதல் ஆளுநர் ஆனார். நாணயம் சேர்ப்பவன் கையில் ஒரு நாட்டைக் கொடுத்த சம்பவம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.) இத்தாலிய அரசர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் தன் பெயரில் வெளியிட்ட இருபது தொகுதிகளில் மூன்று ரோமுக்கு மட்டும். 1970களின் தொடக்கத்தில் முந்தோனியின் நான்கு தொகுதிகள். இன்று ஏலத்தில் எண் என்றால் பெரும்பாலும் முந்தோனி எண்தான். ஆங்கிலத்தில் 1991இல் வந்த ஆலன் பெர்மனின் கையேடு. இவர்கள் யாரும் வாசகத்தை விட்டுவிடவில்லை. புள்ளி, இடைவெளி, வரி எங்கே முறிகிறது என்பதுவரை எழுதியிருக்கிறார்கள். புள்ளி ஒன்று கூடினால் அது தனி வகை, தனி எண். அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தவர்கள். ஆனால் அந்த வாசகம் அவர்களுக்கு அங்க அடையாளம். ஆளை அடையாளம் காண மச்சம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுபோல. மச்சம் பேசுமா என்று யாரும் காது கொடுப்பதில்லை. அவர்கள் உழைப்பு இல்லாமல் நான் ஒரு வரிகூட எழுதியிருக்க முடியாது என்பதால் இதற்குமேல் குறைசொல்ல வாய் வரவில்லை.

என் உண்மையான சண்டை கடைசிக் கட்டத்தோடு. தரம். விஎஃப் என்றால் தேய்ந்தது, எக்ஸ்எஃப் என்றால் லேசாகத் தேய்ந்தது, யுஎன்சி என்றால் புழங்காதது. புழங்காததற்குத்தான் விலை. சாரிடம் இன்னொசென்ட்டின் கொடுக்கச் சொல்லும் தெஸ்தோனே இரண்டு இருக்கின்றன. ஒன்று கண்ணாடிபோல மின்னும். பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டு அடைத்தது. வாங்கிய நாளிலிருந்து எந்த விரலும் அதைத் தொட்டதில்லை. இன்னொன்று தேய்ந்து சோப்புத் துண்டு மாதிரி. போப்பின் சின்னம் அடையாளமே தெரியவில்லை. மேலே ஒரு துளை வேறு.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதும்போது ஒன்று உறைத்தது. மின்னுகிற காசு முந்நூற்று நாற்பது வருடமாக யாருக்கும் கொடுக்கப்படவில்லை, அல்லது அபூர்வமாகவே கொடுக்கப்பட்டது. தன் முதுகில் எழுதியிருப்பதை அது ஒருநாளும் செய்யவில்லை. தேய்ந்த காசு ஆயிரம் கை மாறியிருக்கும். சொன்னதைச் செய்து செய்தே சொன்னதை இழந்திருக்கிறது. படிவத்தின் கணக்குப்படி முதலாவது உயர்ந்த தரம், இரண்டாவது எடைக்கு எடை வெள்ளி விலை. துளை இருப்பதால் அதிலும் கொஞ்சம் கழியும். அந்தத் துளை எனக்குக் குறையாகத் தெரியவில்லை. யாரோ அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்க வேண்டும். வெனிஸ் நகரத் தங்கக் காசுகள் தென்னிந்தியாவுக்கு வந்து நகையில் கோக்கப்பட்டதுபோல. செலவழிக்கக்கூடாது என்று ஒருவர் முடிவெடுத்த காசு அது. ஆக, அதுவும் கடைசியில் வாசகத்துக்கு அடங்கவில்லை! இந்த இடத்தில் என் வாதம் கொஞ்சம் ஆட்டம் காணுகிறது, தெரிகிறது.

சாரிடம் இதைச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எல்லாரும் சொன்னபடி குடுத்துத் தேச்சிருந்தா, நீ இன்னிக்கு எதைப் படிச்சிருப்ப? ஒருத்தன் குடுக்காம பதுக்கி வெச்சான். அதனாலதான் எழுத்து நிக்குது."

என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை இல்லை. சேகரிப்பு என்பதே இந்த முரணில்தான் ஓடுகிறது. வாசகத்தை மீறியவர்கள் புண்ணியத்தில்தான் வாசகம் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் அப்படிக் கிடைத்த பிறகும் அதைப் படிக்காமல் தரத்தை மட்டும் பார்ப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். "அது சரிதான்" என்றார். அதற்குமேல் இருவரும் பேசவில்லை.

பெட்டியின் கடைசி அடுக்கில் ஒன்பதாம் பயஸின் லீராக்கள். 1866இல் பழைய ஸ்கூதோ கணக்கைக் கைவிட்டுப் பிரெஞ்சு முறைக்கு மாறினார்கள். ஒரு ஸ்கூதோவுக்கு 5.375 லீரா. ஒரு லீரா ஐந்து கிராம், அதில் ஆயிரத்துக்கு 835 பங்கு வெள்ளி. முன்புறம் போப்பின் தலை, பெயர், ஆட்சியாண்டு. பின்புறம் மாலைக்குள் மதிப்பும் ஆண்டும், சுற்றிலும் போப் அரசு என்ற பெயர். வேறு எதுவும் இல்லை. மற்ற ராஜாக்கள் காசுபோல இதுவும் ஊமையாகிவிட்டது. சும்மா இருந்ததா என்றால் அதுவும் இல்லை. லத்தீன் நாணய ஒன்றியத்தில் தலைக்கு ஆறு ஃபிராங்க் அளவுதான் சில்லறை வெள்ளி அடிக்கலாம் என்று வரம்பு. இவர்கள் அதைத் தாண்டி அடித்துத் தள்ளினார்கள். நிதி நிலைமை அப்படி. 1870இல் பிரான்சில் இதை வாங்க மறுத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 20இல் இத்தாலியப் படை ரோமுக்குள் நுழைந்தது. போப்பின் அரசே செல்லாக்காசு ஆனது. அவ்வளவு அடித்ததால்தான் இன்றும் இந்த லீரா சல்லிசாகக் கிடைக்கிறது. புதிதாகச் சேர்க்க ஆரம்பிப்பவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். சாரும் இதில்தான் ஆரம்பித்தார். ஆட்சியாண்டு 21 என்று போட்ட 1866 லீரா. 1846 ஜூனில் பதவியேற்றவர் என்பதால் ஒரே 1866இல் 20ஆம் ஆண்டும் 21ஆம் ஆண்டும் வரும் என்று எனக்கு அவர் விளக்கிய நாள் நினைவிருக்கிறது. அந்தக் கணக்கைச் சொல்லும்போது அவருக்கு இருந்த உற்சாகம் அந்தக் காசில் இல்லாத வாசகத்துக்கு ஈடு.

பட்டியலை முடித்து அனுப்பினேன். படிவத்தின் ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே, ஒவ்வொரு காசின் வாசகத்துக்கும் பொருளைச் சிறிய எழுத்தில் எழுதியிருந்தேன். அச்சாகி வந்த ஏலப் பட்டியலில் அது ஒன்றுகூட இல்லை. எதிர்பார்த்ததுதான். துளை போட்ட தெஸ்தோனேயை மட்டும் விற்பனைக்கு ஏற்றதல்ல என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சார் அதைக் காகிதத்தில் மடித்து என் கையில் வைத்தார்.

"நீயே வெச்சுக்கோ. உனக்குத்தான் இதுமேல கண்ணு."

நான் நெகிழ்ந்துபோய், "எவ்வளவு சார் தரணும்?" என்று ஒரு மரியாதைக்குக் கேட்டேன்.

"வெள்ளி இன்னிக்கு என்ன விலை விக்குது, பாரு" என்றார். போனில் பார்த்துச் சொன்னேன். ஒன்பது கிராம் சொச்சம். மனக்கணக்காகப் போட்டு, ஓட்டைக்குக் கழித்து, பைசா சுத்தமாக வாங்கிக்கொண்டார்.